காகிதத்தில் ஒரு கல்யாண மகால்

ஜனவரி 4, ஞாயிறு

மகால் இன்றைக்கும் மூடவில்லை.

திறக்கும்போது ஜம்மென்று எழுந்து நிற்கிறது. மூடினால் கூரையின் முனை மட்டும் அட்டைக்கு வெளியே நாக்கை நீட்டுகிறது. அட்டையைத் திறந்தால் கட்டடம் எழும்பும்படி செய்வது பெரிய வித்தை இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்துவிடும். மூடும்போது மொத்தமும் மடங்கி, உள்ளே ஒன்று இருப்பதே தெரியாமல் படுக்க வேண்டும். வேலை என்பது அதுதான். ராஜகோபுரம், வேலூர்க் கோட்டை, ஆற்காட்டு டெல்லி கேட் என்று எத்தனையோ செய்தாகிவிட்டது. அஸ்பாக் பாய் அச்சுக்கடையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். செஞ்சிக் கோட்டையில் இருக்கும் இந்தக் கல்யாண மகால் மட்டும் எனக்குத் தண்ணி காட்டுகிறது.

எழில் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, உயரத்தக் கொறச்சிடேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

மூர்த்தி மச்சானுக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூரில் பிறந்து, செஞ்சிக்கு சைக்கிள் மிதித்து வளர்ந்த மனுஷன். என் பெண்சாதி சரசுவின் அண்ணன். எழில் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் போக வேண்டும். வெறும் பத்திரிகையை நீட்டினால் கையால் தொடமாட்டார். இதைத் திறந்தால் ஒரு நிமிஷமாவது பார்ப்பார் என்று ஒரு நப்பாசை. அந்த ஒரு நிமிஷத்தில் "மச்சான், வாங்க" என்று சொல்லிவிடலாம்.

நாளைக்கு ஆபீஸ். எஞ்சினியர் இரண்டு வீட்டுக்கு பிளான் கேட்டிருக்கிறார். நிஜ வீடு வரைவது எவ்வளவோ தேவலை. அதை யாரும் மடிக்கச் சொல்வதில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

எழில் இன்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

"மாமா வந்து பட்டம் கட்டினாத்தான் நான் மணையில உக்காருவேன். இல்லன்னா வேணாம்பா."

"வேணாம்னா?"

"கல்யாணமே வேணாம்."

இதை மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா? மாசி பத்து என்று நாள் குறித்து மண்டபமும் பிடித்தாகிவிட்டது. சரசு படத்தைப் பார்த்து, "பாத்தியா உன் பொண்ணு பேசற பேச்ச" என்றேன். வேறு யாரிடம் சொல்வது.

நெற்றியில் தாய்மாமன் கட்டுகிற அந்தப் பட்டத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. பெண்சாதி இல்லாதவன் மகளைத் தாரை வார்க்கக் கூடாதாம். என் அக்கா எல்லம்மாள் முன்பே சொல்லிவிட்டாள். ஜோடியாக நிற்பவர்கள்தான் வார்க்க வேண்டும், தாய்மாமனும் அவர் பெண்சாதியும் என்றால் அதைவிட உசத்தி கிடையாது. ஆகப் பட்டம் கட்டவும் அவர், என் இடத்தில் நின்று தாரை வார்க்கவும் அவர். என்னோடு பேசாத அதே மனுஷன்.

அவர் பேசாததில் நியாயம் உண்டு. தினம் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பதை ஒரு தடவை எழுதிப் போடுகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சித்ரா பௌர்ணமி. சரசுவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. விடிவதற்குள் போய்விட்டாள். மச்சானுக்கு உடனே போன் போட்டேன். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் ஒரு பெண்ணை எடுப்பதில்லை. அண்ணன் கொண்டுவரும் புதுப்புடவையைப் போர்த்தித்தான் அனுப்ப வேண்டும். அந்தப் புடவைக்காக அவர் துணிக்கடை திறக்கிறவரை கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். அப்புறம்தான் பஸ் ஏறினார். பௌர்ணமியன்று பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்து நடந்தே வந்திருக்கிறார். இங்கே தெருவே என் தலைமேல் நின்றது. "ஈசானியத்துச் சுடுகாட்டுப் பக்கம் ஜனம் ஏறிடுச்சு. இப்ப எடுக்கலன்னா நாளைக்குத்தான்." நான் தலையாட்டினேன்.

மச்சான் சுடுகாட்டுக்கு வந்து சேர்ந்தபோது நெருப்பு வைத்தாகிவிட்டது. புடவையை மாரோடு அணைத்துக்கொண்டு நின்றார். "என் கோடி விழாம அனுப்பிட்டியே" என்றார். அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

ஜனவரி 7, புதன்

ஒன்றும் செய்யவில்லை. தலைவலி.

ஜனவரி 11, ஞாயிறு

படத்தைப் பார்த்துச் செய்தால் இனி நகராது என்று எழிலையும் கூட்டிக்கொண்டு செஞ்சிக்கே போய்வந்தேன்.

பஸ் கீழ்பென்னாத்தூரில் நின்றது. மச்சான் தெருமுனை ஜன்னலிலிருந்தே தெரியும். நான் சட்டென்று இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்த்தால் எழிலும் திரும்பியிருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

மகாலுக்கு எதிரே நின்று, கையை நீட்டிப் பேனாவைப் பிடித்து, ஒரு அடுக்கு அதன் கீழடுக்கில் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துக் குறித்தேன். ஒரு பெரியவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், தொல்லியல் துறைங்களா?" என்றார்.

"இல்லைங்க. பொண்ணு கல்யாணம்."

அவர் மெதுவாக நகர்ந்து போய்விட்டார்.

எழிலிடம் அவள் அம்மா கதையைச் சொன்னேன். சரசு சின்னப் பெண்ணாக இருந்தபோது, அண்ணன் "கல்யாண மகால் காட்டறேன் வாடி" என்று சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூட்டிவந்தாராம். கல்யாணம் என்றதும் இவள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். வந்து பார்த்தால் வெறும் கல்லும் புறாவும். "பொண்ணு மாப்ள எங்கடா?" என்று அண்ணனை அடி அடியென்று அடித்தாளாம். பெயர்தான் கல்யாண மகால், அரண்மனைப் பெண்கள் இருந்த இடம் என்கிறார்கள். ஆனால் பட்டுப்பாவாடையோடு வந்து நிற்கிறவளிடம் அதைச் சொல்ல முடியுமா? இந்தக் கதையைச் சரசு கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னாள். சொல்லும்போதும் அண்ணன்மேல் அவளுக்குக் கோபம் தீரவில்லை.

எழில் மகாலைத் தொட்டுப் பார்த்தாள். "மாமாவுக்கு இது ஞாபகம் இருக்குமா?"

"இல்லாம எங்க போவும்?"

திரும்பும்போது பஸ்ஸில் புத்தி வந்தது. உயரத்தில் தப்பில்லை. முன்னால் முற்றத்துக்கு இடம் விடுகிறேன் என்று கட்டடத்தை நடு மடிப்பிலிருந்து தள்ளி ஒட்டியிருக்கிறேன். தள்ளி நிற்பதால்தான் முனை வெளியே வருகிறது. மடிப்புக்கு நெருக்கி ஒட்டினால் அதே உயரம் உள்ளே அடங்கிவிடும். இத்தனை நாள் இது தெரியாமல் கூரையைத் திட்டிக்கொண்டிருந்தேன். முட்டாள் அர்ஜுனா.

ஜனவரி 14, போகி

மூடிவிட்டது! முனை வெளியே வரவில்லை. திறந்தேன், மூடினேன், திறந்தேன். எழில், "போதும்பா, மாமா தொறக்கறதுக்குக் கொஞ்சம் மிச்சம் வை" என்றாள்.

அஸ்பாக் பாய் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அழைப்பிதழ் வாசகத்தை அவர்தான் அச்சடிக்கிறார். மகாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மடிப்புக்கு மை தீர்ந்த பேனாவால் கோடு இழுத்திருப்பதைத் தடவிப் பார்த்தார். "வேலை சுத்தம். ஆனா அர்ஜுனா, பசை ஜாஸ்தி வெக்கற. கம்மியா வை. ஈரம் பட்டா காயிதம் மறக்காது."

தாய்மாமன் என்ற இடத்தில் மச்சானும் பெண்சாதியுமாக மூர்த்தி, அன்புச்செல்வி என்று பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். "கேட்டுட்டியா?" என்றார் பாய். கேட்கவில்லை. கேட்க முடிந்தால் நான் ஏன் மகால் கட்டுகிறேன்?

ஜனவரி 15, பொங்கல்

பொங்கியது. எழில் வாசல் முழுக்கக் கோலம் போட்டாள். அடுத்த வருஷம் இந்த வாசலில் யார் போடுவது?

ஜனவரி 22, வியாழன்

அடி அண்ணாமலையிலிருந்து அக்கா வந்துவிட்டாள். இனி வீடு அவள் கையில். நான் சும்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பத்திரிகைக்கு மஞ்சள் வைத்தாள். கிண்ணத்தில் மஞ்சளைத் தளரக் குழைத்து, அட்டையைத் திறந்து நாலு மூலைக்கும் தொட்டாள். மகால் எழுந்து நின்றதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் தம்பி கைக்கு என்னா வேலடா" என்றாள். "இதுக்கு வெக்காம விடலாமா?" என்று ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு மஞ்சள் பொட்டு, அதன்மேல் குங்குமம். அப்புறம் அட்டையை மூடித் தாம்பாளத்தில் வைத்து, மேலே தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் அடுக்கிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டாள். "காலையில அப்பிடியே தூக்கிக்கினு போலாம்."

மனசு லேசாக இருக்கிறது. எதற்கென்று தெரியவில்லை, ஆனால் இருக்கிறது.

ஜனவரி 23, வெள்ளி

எப்படி எழுதுவது.

போனோம். நான், அக்கா, எழில். அன்புச்செல்வி வாசலுக்கே வந்து, "வாங்கண்ணா, வாங்க, வா எழிலு" என்று கூப்பிட்டாள். மச்சான் நாற்காலியில் இருந்தார். எழுந்திருக்கவில்லை. ஆனால் எழிலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் சரசு மாதிரியே வகிடெடுத்து வாரிக்கொண்டு வந்திருந்தாள். வேணும்னே செய்தாளோ என்னவோ.

அக்கா பேச்சைத் தொடங்கினாள். "தாய்மாமன் இல்லாம சபை ஏது? பெரிய மனசு பண்ணணும்." தாம்பாளத்தை நானும் அக்காவுமாக நீட்டினோம். கை அப்படியே நின்றது. வாங்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். எழில், "மாமா" என்றாள். ஒரே ஒரு தடவை. அவர் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

வாங்கிக்கொண்டார்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. "உள்ளாற பாருங்க மாமா, அப்பா செஞ்சது" என்றாள் எழில். அவர் தேங்காயை ஓரமாக வைத்துவிட்டு அட்டையை எடுத்தார். திறந்தார். வரவில்லை. இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்துக் கொஞ்சம் பலமாக இழுத்தார்.

சர்ரென்று ஒரு சத்தம்.

மகால் அடியோடு பிய்ந்து, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். கூரை மட்டும் ஒரு நூலில் தொங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், என்னைப் பார்க்காமல், அட்டையிடம் சொல்கிற மாதிரி சொன்னார்:

"அந்த வீட்லர்ந்து எனக்கு எதுவும் முழுசா வந்து சேராது போல."

தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அன்புச்செல்வி காப்பி கொண்டுவந்தாள், யாரும் குடிக்கவில்லை. கிளம்பி வந்துவிட்டோம். பஸ்ஸில் அக்கா சகுனம் சகுனம் என்று புலம்பிக்கொண்டே வந்தாள்.

நான் என்ன தப்பு பண்ணேன்? நூறு தடவை தொறந்து மூடிப் பாத்தேனே. என் கையில தொறந்தது அவர் கையில மட்டும் ஏன் கிழியணும்? அய்யோ சரசு.

ஜனவரி 24, சனி

எழில் சாப்பிடவில்லை. நானும்தான். அக்கா எங்கள் இரண்டு பேரையும் திட்டிவிட்டுத் தானும் பட்டினி கிடந்தாள்.

ஜனவரி 25, ஞாயிறு

மஞ்சள்.

மிச்சம் இருந்த ஒரு மாதிரி அட்டையை எடுத்து, அக்கா குழைத்த மாதிரியே குழைத்து, அடுக்கடுக்காகப் பொட்டு வைத்து, மூடி, மேலே தேங்காயை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். காய்ந்த பிறகு திறந்தால் அதே சர். ஈரப் பொட்டெல்லாம் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மேலே தேங்காய் பாரம் வேறு. பசைகூட இப்படிப் பிடிக்காது.

அக்காவிடம் காட்டினேன். "யாருக்கா உள்ள பொட்டு வெக்கச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மஞ்ச வெக்காம குடுக்க அது இன்னாடா, கருமாதிப் பத்திரிகையா?"

மஞ்சள் இல்லாமல் எந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வெளியே போகிறது? மகாலுக்குப் பொட்டு வைத்த குடும்பம் இந்த ஜில்லாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவளே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என் கையாலயா ஆச்சு? சொல்லுடா, என் கையாலயா?" இல்லைக்கா, இல்லைக்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மச்சானிடம் போய் மஞ்சளால் கிழிந்தது என்று சொல்லலாம். அதை நினைத்தாலே கூசுகிறது. அன்றைக்குக் கூட்டம், இன்றைக்கு மஞ்சள். என்னிடம் காரணத்துக்கு மட்டும் எப்போதும் பஞ்சமில்லை. அவருக்கோ அன்றைக்குக் கையில் மிஞ்சியது போர்த்தாத புடவை, இன்றைக்குக் கிழிந்த மகால்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம், பௌர்ணமி. வாசலில் ஜனம் போய்க்கொண்டே இருக்கிறது. வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்கித் தூரத்திலிருந்து நடந்து வருகிறவர்கள். துணிக்கடைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் வேகவேகமாகப் போனார். கதவைச் சாத்திவிட்டேன்.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் பத்திரிகை கொடுத்து முடிந்தது. மஞ்சள் உறைமேல் மட்டும். மாப்பிள்ளை வீட்டில், "தாய்மாமனுக்கு வெச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். வைத்துவிட்டோம் என்றேன். பொய் இல்லையே.

பிப்ரவரி 5, வியாழன்

அன்புச்செல்வியிடமிருந்து போன். ஆபீஸிலிருந்து வெளியே ஓடிவந்து பேசினேன்.

"அண்ணா, நான் உங்ககிட்ட பேசறது அவருக்குத் தெரியும். ஆனா தெரியாத மாரி உக்காந்துனு இருக்காரு."

"என்னம்மா ஆச்சு?"

"அந்த மகாலுங்கண்ணா. தெனம் எடுத்து வெச்சிக்கினு சோத்துப் பருக்கையில ஒட்டறாரு. பேரப் பசங்ககூட விளையாட்டுச் சாமான இப்பிடி ஒட்ட மாட்டாங்க. எழுந்து நிக்குது. மூட மாட்டேங்குதாம்."

"நான் புதுசா ஒண்ணு செஞ்சு எடுத்தாரட்டுமா?" என்றேன்.

பின்னால் அவர் குரல்: "புதுசெல்லாம் வாணாம்னு சொல்லு."

"வாணாமாம்" என்றாள் அன்பு, அவர் சொன்னது எனக்குக் கேட்காத மாதிரி.

"சரிம்மா. நடு மடிப்பு இருக்குதில்ல? மகாலோட காலு ரெண்டையும் அதுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டணும்."

"ரெண்டு பக்கமும்தான் ஒட்டியிருக்குதாம்."

"அப்ப தூரம் சரியில்ல. மடிப்புலர்ந்து ரெண்டு காலும் ஒரே தூரத்துல இருக்கணும். ஒண்ணு தள்ளிப் போயிருந்தா மூடாது."

"அந்தாளக் கேளு, ஒரே தூரம்னா எவ்ளோன்னு!" இது அவர். அன்பு கேட்பதற்குள் போனை அவரே பிடுங்கிவிட்டார் போலிருக்கிறது. காதுக்குள் வந்து விழுந்தது: "ஒரே தூரம், ஒரே தூரம்னா? அளவு சொல்ல வாணாமா ஒரு மனுஷன்?"

"ரெண்டு விரக்கடை, மச்சான்" என்றேன்.

போன் வைத்த சத்தம்.

சுடுகாட்டுக்கு அப்புறம் அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை, அதுவும் திட்டு. ஆபீஸ் வாசலில் நின்று அழுதேன். பக்கத்து டீக்கடைக்காரர், "யார்னா தவறிட்டாங்களா சார்?" என்று கேட்டார். இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

பிளானில் வாசல்கதவு போட மறந்துவிட்டேன். "உள்ள எப்டிங்க போறது?" என்றார் எஞ்சினியர்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கீழ்பென்னாத்தூரிலிருந்து அப்புறம் ஒரு சேதியும் இல்லை. நான் போன் போடவா என்று அக்காவைக் கேட்டேன். வேண்டாம், வெந்ததைக் கிளறாதே என்றாள்.

இன்று எழிலைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஒருவேளை மாமா வரலன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"வருவாரு."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. வருவாரு." எழுந்து போய்விட்டாள்.

போகும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியாது. பயந்துகொண்டுதான் இருக்கிறாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. கை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

முகூர்த்தத்துக்குப் பெண்ணைக் கூப்பிடுகிற நேரம் நெருங்கியும் மச்சான் வரவில்லை. எழில் மணப்பெண் அறையில் அலங்காரத்தோடு உட்கார்ந்துகொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர், "வேற யாரையாவது வெச்சிக் கட்டிடலாமே, மாமன் முறைக்கா பஞ்சம்?" என்றார். நான் தலையாட்டவில்லை. ஒரு தடவை தலையாட்டினது போதும். "அவர் வரட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அப்புறம் மண்டப வாசலில் அன்புச்செல்வி தெரிந்தாள். சீர்த்தட்டோடு பத்துப் பதினைந்து பேர். நடுவில் அவர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நேராக எழில் இருந்த அறைக்குப் போனார். பட்டம் கட்டும்போது முடிச்சு நிற்கவில்லை, அவிழ்த்து மறுபடியும் கட்டினார். எழில் தலையைக் குனிந்து கொடுத்தாள். "அழாத, மை கரையுது" என்றார். அவர் கண் கரைந்ததை யாரும் சொல்லவில்லை.

தாரை வார்க்க அவரும் அன்புவும் நின்றார்கள். நான் தூண் ஓரமாக நின்றேன். என் மகள் கை அவர் கைமேல், அதன்மேல் தண்ணீர். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் சரசுவின் ரத்தம் அந்த மணையில் நின்றது அவரால்தான். அதையும் நினைத்துக்கொண்டேன்.

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. தாலி கட்டி முடிந்து, பிள்ளைகள் காலில் விழுந்து எழுந்ததும், துண்டை உதறிக் கிளம்பிவிட்டார். அக்கா வாசல்வரை ஓடினாள். "ஒரு வாய் சாப்பிட்டுப் போப்பா. கை நனைக்காம போனா எப்பிடி?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கீழ்பென்னாத்தூருக்கு அடிக்கொரு பஸ் என்று ஊருக்கே தெரியும். அன்பு என்னைக் கடந்து போகும்போது மெல்ல, "மகாலு இப்ப மூடுதுண்ணா" என்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

வந்தார், பட்டம் கட்டினார், தாரை வார்த்தார். நான் கேட்டதெல்லாம் அதுதான், கிடைத்துவிட்டது. ஆனால் அது எழிலுக்கு. என் வீட்டுப் பந்தியில் உட்கார மாட்டார். பச்சத்தண்ணிகூடக் குடிக்கல. இருக்கட்டும். அவருக்கும் ஒரு மனசு இருக்குதில்ல.

பிப்ரவரி 24, செவ்வாய்

எழிலைக் கொண்டுபோய் விட்டுவந்தோம். அக்காவும் ஊருக்குப் போய்விட்டாள். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. ரசம் வைத்தேன். பழக்கத்தில் இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன்.

மார்ச் 2, திங்கள்

அஸ்பாக் பாய் ஏதாவது புதுசு செய் என்கிறார். வடக்குக் கோபுரத்துக்குக் கோடு போட்டு வைத்தேன். வெட்டத் தோன்றவில்லை.

மார்ச் 16, திங்கள்

மத்தியானம் எஞ்சினியர் வெளியே போயிருந்தார். நான் மட்டும் ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் மச்சான். கக்கத்தில் ஒரு பை, முகமெல்லாம் வேர்வை.

எழுந்து நின்றேன். "வாங்க" என்றுகூட வரவில்லை.

"கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க வந்தேன்" என்றார். "பட்டாவுல பேரு தப்பா ஏறிப்போச்சு. செம வரிச."

"உக்காருங்க மச்சான்."

உட்கார்ந்தார். சுவரில் ஒட்டியிருந்த பிளான்களைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எழிலு பேசினாளா?"

"நேத்து பேசினா. நல்லாருக்கா."

"எனக்கும் பேசினா." அப்புறம் என் மேஜையைப் பார்த்தார். "இன்னா அது?"

"கத்திரிக்காய்க் கொழம்பு. நான் வெச்சது."

"ஓட்டலுக்குத்தான் கெளம்பினேன். வெயிலு தாங்கல." சொல்லிவிட்டுப் பையைக் கீழே வைத்தார். எழுந்து பின்பக்கம் போனார். குழாயில் கை கழுவுகிற சத்தம் கேட்டது.

டப்பா மூடியில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன். பாதி மேஜையில் கொட்டியது. அவர் வந்து உட்கார்ந்து, பிசைந்து, ஒரு வாய் எடுத்து வைத்தார். நான் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தேன்.

மென்றார். விழுங்கினார்.

"உப்பு கம்மி, மாப்ள" என்றார்.

மேஜை இழுப்பறையில் ஊறுகாய் இருந்தது, எடுத்து வைத்தேன். தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். முடித்ததும் மூடியை என் பக்கம் நீட்டினார். இன்னும் கொஞ்சம் போட்டேன். டப்பாவில் எனக்கு ஒரு கைச் சோறு மிச்சம் இருந்தது. அதை அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.